இழுவிடு அண்ணனின் மாவு மில்

மிளகாய் அரைக்கிற இடத்தில் பிராணாயாமம் சொல்லிக்கொடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் பழைய தெருக்காரர் என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு. இமயமலைக் குகைக்குள் உட்கார்ந்து மூச்சை அடக்குகிறவர்கள் மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் அங்கே என்ன கஷ்டம், சொல்லுங்கள்? சுத்தமான காற்று, தொந்தரவு செய்ய ஆளில்லை. அவர்களில் யாராவது ஒருவர் பக்கத்தில் குண்டு மிளகாய் அரைபடும்போது மூக்கைத் திறந்து ஒரு மூச்சு இழுத்துக் காட்டட்டும். அந்த நிமிஷமே நான் சிஷ்யனாகச் சேர்ந்துவிடுகிறேன்.

திருப்பரங்குன்றம் போகிற சாலையிலிருந்து பிரிகிற தெரு அது. மாவு மில் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான்தான் லிஃப்ட் வைத்த வீட்டுக்கு ஆசைப்பட்டு ஊரின் அந்தக் கோடிக்குக் குடிபோய்விட்டேன். மில்காரருக்கு ரேஷன் கார்டில் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். தெருவுக்கு அவர் 'இழுவிடு அண்ணே'. யாரைப் பார்த்தாலும், "மூச்சை இழு... விடு" என்பார். தபால்காரரிடமும் சொல்வார், கேபிள் டிவி பணம் கேட்டு வந்தவனிடமும் சொல்வார். இழுத்துவிட்ட பிறகுதான் வந்த விஷயத்தைச் சொல்ல முடியும்.

ஆள் நல்ல உயரம். புருவம், மீசை, காது மடல் எல்லாம் எந்நேரமும் மாவு. குளித்துவிட்டு வந்து நின்றால் அடையாளம் தெரியாமல் நாங்கள் 'யாரு வேணும்' என்று கேட்டிருக்கிறோம். குரல்தான் அவருடைய பெரிய பிரச்சினை. மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய தொண்டை. சாப்பிடும்போது உப்பு கேட்டாரென்றால் எதிர் வீட்டிலிருந்து உப்பு எடுத்துக்கொண்டு வருவார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு யோகா எங்கிருந்து வந்தது என்றால், மதினியிடமிருந்து வந்தது. அவர் சம்சாரத்தைத்தான் சொல்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மில்லில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்து மாவுத் தூசியைக் குடித்துக் குடித்து, அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. பனி இறங்கினால் மூச்சு விசிலடிக்கும். டாக்டர் ஒரு பம்பைக் கொடுத்து, 'இதைத் தவறாமல் அடிங்க, தூசியில உக்காராதீங்க, கூடவே மூச்சுப் பயிற்சியும் பண்ணுங்க' என்று சொல்லியனுப்பினார். மதினி மூன்றையும் மில் வாசலிலேயே தள்ளுபடி செய்துவிட்டார். தூசி இல்லாத மாவு மில் எந்த ஊரில் இருக்கிறது? நாலு பேர் பார்க்க வாயைப் பிளந்து பம்பு அடிப்பதா? மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் சனம் சிரிக்காதா? பம்பை வீட்டுக்குள் எங்கேயோ ஒளித்துவைத்தார். தாங்க முடியாத நேரத்தில் எழுந்து உள்ளே போய் அடித்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்துகொள்வார்.

"நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதாண்ணே?" என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"நான் சொன்னா அதுக்காகவே செய்ய மாட்டா தம்பி. நான் வலதுண்டா அவ இடது. அதான் ஒரு யோசனை வச்சிருக்கேன். அவகிட்ட மூச்சு விடக் கூடாது. ஊரு பூராம் அவ கண்ணு முன்னாடி பயிற்சி செய்யட்டும். பாத்துப் பாத்து அவளுக்கும் தன்னால வந்துரும்ல?"

இதை அவர் என் காதருகே குனிந்து ரகசியமாகத்தான் சொன்னார். அடுத்த தெருவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் தராசுக்குப் பின்னால் இருந்த மதினிக்குக் கேட்கவில்லை என்று அண்ணே முழுசாக நம்பினார்.

குரு யாரென்றால், போனில் வந்த ஒரு வீடியோ. அதில் பேசுகிறவர் இந்திக்காரர். அண்ணனுக்கு இந்தியில் ஒரு எழுத்து தெரியாது. அதனால் பார்த்ததை அப்படியே செய்தார். அந்த ஆள் நடுவில் ஒருதடவை இருமிவிட்டுத் தண்ணீர் குடிப்பார். அண்ணனும் தினமும் சரியாக அந்த இடத்தில் இருமி, ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். அதுவும் பயிற்சியில் சேர்த்தி என்று எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். நாங்கள் வெகுகாலம் இருமிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு மில்லில் சட்டம் மாறியது. கோதுமையைக் கொட்டிவிட்டால் அரைபடும் வரை சும்மா நிற்கக் கூடாது. ஒற்றைக் காலைத் தூக்கி மறு தொடையில் ஊன்றி, கைகளை மேலே கூப்பி நிற்க வேண்டும். கேழ்வரகு என்றால் குனிந்து காலைத் தொட வேண்டும். எல்லாவற்றுக்கும் நடுவில் 'இழு... விடு' உண்டு. சாயங்காலம் அந்தப் பக்கம் போகிறவர்கள், பித்தளைத் தூக்கும் பிளாஸ்டிக் வாளியுமாகப் பத்துப் பேர் ஒற்றைக் காலில் வரிசையாக நிற்பதைப் பார்த்து, ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

எங்கள் தெரு ஏட்டையா ஒருநாள் ட்யூட்டி முடிந்து சீருடையோடு கோதுமை கொண்டுவந்தார். தொப்பையைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் ஒற்றைக் காலில் நின்றார். பைக்கில் போன இரண்டு பேர் அதைப் போட்டோ எடுத்துவிட்டார்கள். ராத்திரிக்குள், போலீஸ்காரருக்கே தெருவில் தண்டனை என்று மதுரை பூராவும் வாட்ஸ்அப்பில் போய்விட்டது. ஆனாலும் ஏட்டையா மறுநாளும் வந்தார்.

"என்னண்டு தெரியல தம்பி, முதுகு வலி கொறையுது. போட்டோ எடுக்கட்டும், நல்லா எடுக்கட்டும்" என்றார் என்னிடம்.

மதினி இதற்கெல்லாம் தராசுக்குப் பின்னாலிருந்து வர்ணனை கொடுத்துக்கொண்டிருப்பார்.

"காலைக் கீழ விடுங்க தம்பி. கோதுமை அரைச்சு அம்புட்டும் வாளியில கெடக்கு. இந்தாளு விடச் சொல்லுவாருண்டு நின்னீகண்டா விடிஞ்சிரும்."

அண்ணே ஒவ்வொரு 'இழு'வுக்கும் ஓரக்கண்ணால் மதினியைப் பார்ப்பார். மதினி சாக்குக் கட்டுவார், சில்லறை எடுப்பார், வேறு எதையாவது செய்வார். ஒருநாள் அண்ணே என் கையை வந்து பிடித்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"தம்பி, பாத்தியா? நான் இழுண்டதும் தோள்பட்டை மேல ஏறுச்சு! ஏறுச்சுப்பா!"

நானும் பார்த்தேன். மதினி ஐந்து கிலோ எடைக்கல்லைத் தூக்கித் தராசில் வைத்திருந்தார். அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கேலி இருக்கட்டும். எனக்கும் அங்கே ஒன்று நடந்தது. வலது காலில் நிற்கச் சொன்னால் நன்றாக நின்றேன். இடது காலில் நின்றால் உடனே ஆட்டம். பஸ்ஸில், ஆபீஸில், கல்யாண வீட்டுப் பந்தி வரிசையில், எல்லா இடத்திலும் நான் வலது காலில்தான் பாரத்தைப் போட்டு நின்றிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷமாகக் கூடவே வந்த இடது காலை அந்த மாவு மில்லில்தான் நான் முதலில் கவனித்தேன்.

"ஒடம்பும் ஒரு மிஷின்தான் தம்பி. ஓடுறப்பவே காதுகுடுத்துக் கேக்கணும். எங்கயோ பெல்ட்டு ஒரசுதுண்டு அது சொல்லிக்கிட்டேதான் இருக்கும். நமக்குத்தான் வெளிச் சத்தத்துல கேக்காது" என்றார் அண்ணே. மில்லுக்கு வெளியே நின்றுதான் சொன்னார். மூன்று வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

சித்திரைத் திருவிழா நெருங்கியது. வெளியூர் சொந்தமெல்லாம் வீட்டில் வந்து இறங்குகிற சமயம். மில்லில் நிற்க இடமில்லை. மிளகாய்க்கு அண்ணே தனி ஏற்பாடு வைத்திருந்தார். பின்கட்டில் வேறு மிஷின். அது ஓடும்போது யோகா கிடையாது. மதினியும் எழுந்து வீட்டுக்குள் போய்விட வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் அண்ணனின் பிடிவாதம் ஜெயித்திருந்தது.

அன்றைக்கு டி. கல்லுப்பட்டியிலிருந்து ஒரு கல்யாணச் சமையல்காரர் ஒரு மூட்டை மிளகாயோடு வந்தார். மனிதருக்கு அவசரம். அண்ணே வழக்கம்போல, "ஒத்தக் கால்ல நில்லுங்க மாப்ள, இந்தா வாரேன்" என்றார்.

"ஆயிரம் பேருக்குச் சமைக்கணும்யா. நான் என்ன கொக்கா?" என்று முணுமுணுத்துக்கொண்டே சமையல்காரர் யாருக்கும் தெரியாமல் பின்கட்டுக்குப் போனார். மூட்டையைப் பிரித்தார், கொட்டினார், சுவிட்சைப் போட்டுவிட்டார்.

முன்னால் கோதுமை மிஷின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் இன்னொரு மிஷின் ஓடியது அண்ணனுக்குக் கேட்கவில்லை. நாங்கள் பத்துப் பதினைந்து பேர் ஒற்றைக் காலில் தயாராக நின்றோம்.

"இன்னைக்கு ஆழமா! அடிவயிறு வரைக்கும்! இ...ழு!"

இழுத்தோம்.

அதற்கப்புறம் நடந்ததை எழுதவே மூக்கு அரிக்கிறது. முதல் தும்மல் ஏட்டையாவுடையது. ஒற்றைக் காலில் நின்றவர் தும்மிய வேகத்தில் அரிசி மாவுக் குவியலில் போய் உட்கார்ந்தார். மாவு எழும்பி மிளகாயோடு கலந்தது. யார் தும்முகிறார்கள், யார் அழுகிறார்கள் என்று தெரியவில்லை. அந்தப் புகைமூட்டத்துக்கு நடுவிலும் அண்ணே விடவில்லை. "வி... ஹச்! வி... ஹச்! விடுங்கப்பா!" என்று வகுப்பை நடத்திக்கொண்டிருந்தார்.

மதினி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெள்ளை வெளேரென்று மாவுக்குள்ளிருந்து ஏட்டையா எழுந்து சல்யூட் மாதிரி கையை வைத்துத் தும்மியதும், தராசைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை. அப்புறம் சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. விசில் கேட்டது. முகம் நிறம் மாறியது.

அத்தனை தும்மலுக்கு நடுவில் அந்த விசில் எப்படித்தான் அண்ணன் காதில் விழுந்ததோ! பாய்ந்து போய் மதினியை அப்படியே தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார். காற்றோட்டமாக நாற்காலி போட்டு நிமிர்த்தி உட்காரவைத்தார்.

"தம்பி, ஓடு! அடுப்படியில, உப்பு ஜாடிக்குப் பின்னாடி, நீலத் துணியில சுத்தி வச்சிருக்கா! பம்பு!"

மதினி அந்த நிலையிலும் ஒரு பார்வை பார்த்தார். ஒளித்துவைத்த இடம் அண்ணனுக்குத் தெரியும் என்பது மதினிக்கு அதுவரை தெரியாது.

நான் எடுத்துக்கொண்டு ஓடிவரும்போது அண்ணே மண்ணில் முழந்தாளிட்டிருந்தார். மதினியின் இரண்டு கைகளும் அவர் பனியனைப் பிடித்திருந்தன. அண்ணே பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசுகிறார் என்று கேட்க நான் பக்கத்தில் போக வேண்டியிருந்தது. அந்த மனிதரிடம் நான் கேட்ட முதல் மெல்லிய குரல் அது.

"என்னையப் பாரு. வேற ஒண்ணும் இல்ல. என் மொகத்தை மட்டும் பாரு. இழுக்காத. மொதல்ல விடு... மெதுவா... இன்னுங் கொஞ்சம் விடு... இப்ப இழு. அவசரமே இல்ல. நான் இங்கனதான் இருக்கேன்."

வலது என்றால் இடது என்கிற மதினி, அவர் சொன்னபடியே விட்டார், சொன்னபடியே இழுத்தார். பம்பையும் தெருவே பார்க்க வாயில் வைத்து அடித்துக்கொண்டார். அதற்குள் ஏட்டையா மாவும் மிளகாயுமாக ஓடி ஓர் ஆட்டோவை மறித்திருந்தார். பேயைப் பார்த்த மாதிரி மிரண்ட ஆட்டோக்காரர், கேள்வியே கேட்காமல் ஆஸ்பத்திரிக்கு விட்டார். மதினி பிழைப்பாரா என்கிற பயத்தில் அன்றைக்குத் தெருவில் ஒருத்தரும் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தச் சமையல்காரர் மில் வாசலிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து மதினி திரும்பி வந்தார். பார்க்கப் போனோம். அண்ணே சுவரோரமாக, திட்டு வாங்கத் தயாரானவர் போல நின்றிருந்தார். மதினி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இம்புட்டு நாளா ஊருக்கெல்லாம் கத்திக் கத்திச் சொன்னீகளே. எங்கிட்ட ஒரு தடவை வந்து மெதுவாச் சொல்லியிருந்தா என்ன?"

"நீ கேக்க மாட்டியேண்டுதான்..."

"சொல்லிப் பாத்தீகளா?"

அண்ணே மூச்சை இழுத்தார். இழுத்த மூச்சை விடவே மறந்துபோனார்.

மறு வாரமே மிளகாய் மிஷினை விற்றுவிட்டார். 'அதுலதானேண்ணே நல்ல வரும்படி' என்றேன். 'போகுது போ' என்றார். கோதுமை மிஷினுக்கு உறை போட்டு, புகைபோக்கி வைத்து, தராசை வெளித் திண்டுக்கு மாற்றினார். வகுப்பை அதற்குப் பிறகு மதினி எடுத்துக்கொண்டார். மில் ஓடுவதற்கு முன்னால், காலையில், மொட்டை மாடியில். பம்பு பக்கத்திலேயே பகிரங்கமாக இருக்கும். முதல் வேலையாக இருமித் தண்ணீர் குடிக்கும் ஆசனத்தை ரத்து செய்தார்.

போன மாதம் அந்தப் பக்கம் போனேன். என் வீட்டில் இப்போது பாக்கெட் மாவுதான். இருந்தாலும் இரண்டு கிலோ கோதுமையை வாங்கிக்கொண்டு போனேன். மாடியில் எல்லோரும் கண்ணை மூடி மல்லாந்து படுத்திருந்தார்கள். கடைசி ஓய்வு. நானும் ஓர் ஓரமாகப் படுத்தேன். பக்கத்தில் அண்ணே. குறட்டை, மிஷின் ஓடுகிற மாதிரி. வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவர் எழவில்லை. கீழே மில் வாசலில் கோதுமை கொண்டுவந்தவர்கள் கூப்பிட்டார்கள். ஏட்டையா, "எழுப்பட்டுமா?" என்று குனிந்தார்.

மதினி உதட்டில் விரலை வைத்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அண்ணனின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கெடக்கட்டும். மூச்சு நல்லா போகுது."

நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோம். கீழே இறங்கி, வரிசையில் நின்றோம். யாரும் சொல்லாமலேயே நான் இடது காலில் நின்றேன்.