கூப்பிட்ட குரலுக்கு

"என்னங்க..."

காட்சிக்கு வைத்திருந்த இரட்டை மெத்தையின் ஓரத்தில் காதைப் பொருத்திக்கொண்டு, விற்பனையாளர் மென்குரலில் அழைத்தார். மெத்தை மௌனம் சாதித்தது. அடுத்த மெத்தைக்கு நகர்ந்து, குரலை இன்னும் சற்றே குழைத்து, "என்னங்க, எங்க இருக்கீங்க?" என்று விசாரித்தார். அதுவும் வாய் திறக்கவில்லை.

கல்லாவில் அமர்ந்திருந்த காசாளர் பெண் இதைச் சிறிது நேரம் கவனித்துவிட்டு, "சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டாள்.

"இனிமேதாம்மா வரப்போகுது. போனைக் காணோம்."

போன் என்றதும் அவளுக்கு விளங்கிவிட்டது. வைத்த பொருளை வைத்த இடத்தில் மறப்பதில் அவரை விஞ்ச அந்தக் கடையில் ஆளில்லை. ஆகவே, முந்தைய நாள் மாலை அவள்தான் அவருடைய கைப்பேசியில் ஒரு செயலியை நிறுவித் தந்திருந்தாள். குறித்த ஒரு சொல்லைச் சொல்லி அழைத்தால், கைப்பேசி ஒலி அடக்கிய நிலையில் இருந்தாலும்கூட, முன்பே பதிவு செய்த குரலில் பதில் கொடுக்கும்.

"வீட்ல உங்க போனை யாரு சார் தேடுவாங்க?" என்று அப்போது கேட்டிருந்தாள்.

"வேற யாரு, அவதான்."

"உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"என்னங்கன்னு."

"அப்ப அதையே வெச்சுடலாம். பதிலுக்கு நீங்க ஏதாவது சொல்லுங்க."

என்ன சொல்வதென்று அவர் விழித்துக்கொண்டிருந்தபோது, கிடங்கிலிருந்து முதலாளி அவரை அழைத்தார். "இதோ வந்துட்டேன், ரெண்டே நிமிஷம்" என்று பழக்கதோஷத்தில் குரல் கொடுத்தார். அதுவே பதிவாகிவிட்டது. அவர் நாள்தோறும் சொல்கிற வாக்கியமும் அதுதான், ஒருநாளும் காப்பாற்றாத வாக்கும் அதுதான் என்பதால், அதை மாற்றவேண்டிய அவசியம் எழவில்லை. மனைவியிடம் இந்த ஏற்பாட்டைச் சொல்லவேண்டும் என்று எண்ணிக்கொண்டே வீடு சென்றவர், சொல்ல மறந்துபோனார்.

"ஒரு ரிங் விட்டுப் பார்க்கவா சார்?"

விட்டாள். மணி போயிற்று, சத்தம் வரவில்லை. மெத்தைக் கடை என்பது படுக்கையறைக்குச் சமம், அங்கே எவருடைய போனும் ஒலிக்கக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். விற்பனையாளர் கடைக்கு வெளியிலும் அந்தச் சட்டத்தை மீறுவதில்லை.

"அப்ப என் போன்லேருந்து வீட்டுக்குப் பேசிடுங்க. அவங்க நம்பர் என்ன?"

"அது போன்ல இருக்கும்மா."

"போன் எங்க?"

"அதைத்தானேம்மா தேடறேன்."

அவருடைய தவிப்பு கைப்பேசிக்காக மட்டும் அன்று. கண்ணில் அறுவை சிகிச்சை முடித்துக்கொண்டு அன்று பிற்பகல் மாமனார் வந்து தங்கவிருந்தார். அவருக்காகப் பின்னறையைத் தாமே ஒழித்துத் தருவதாகவும், அதற்கென்றே விடுப்பு எடுப்பதாகவும் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தூசி பட்டால் தும்மித் தும்மியே ஓய்ந்துவிடும் அந்த அம்மையார், "வேலை முடியுற வரைக்கும் கதவைத் திறக்காதீங்க. நானும் அந்தப் பக்கம் வரமாட்டேன்" என்று காலையில் எச்சரித்து, கணவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். சாத்திய கதவு ஆடி அடங்குவதற்குள் முதலாளியின் அழைப்பு மௌனமாக மின்னியது. பெரிய விடுதிக்காரர் ஒருவர் மெத்தை பார்க்க வருகிறார். ஒரு மணி நேரம் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனால் போதும் என்றார். விற்பனையாளர் அந்த அறையிலேயே இருந்த கொல்லைக் கதவின் வழியே நழுவினார்.

கடையை அடைந்ததும் மனைவியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடலாம் என்பது திட்டம். சட்டைப் பை கனமாகத்தான் இருந்தது. ஆனால் வாடிக்கையாளர் ஒருவருக்கு மெத்தையின் மென்மையைப் படுத்துக் காட்டிவிட்டு எழுந்து பையைத் தடவியபோது, அளவு நாடா மட்டுமே அகப்பட்டது. கைப்பேசி மெத்தைகளுக்கு இடையே சரிந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார்.

சென்ற முறை வாக்குத் தவறியபோது, மனைவி அவரிடம் சொல்லவேண்டிய அனைத்தையும் குளிர்சாதனப் பெட்டியிடம் சொன்னார். அது ஒரு மாதம் நீடித்தது. இம்முறை மாமனாரும் உடனிருந்து கேட்பார்.

"நீயே ஒரு தடவை கூப்பிட்டுடேம்மா" என்று காசாளர் பெண்ணைக் கெஞ்சினார். "கூப்பிடற சொல்லைப் பதிஞ்சது உன் குரல்லதானே."

"ஆமா சார், பொம்பளைக் குரலுக்குத்தான் அது அசையும். ஆனா நான் எங்க வீட்டுக்காரரையே பேர் சொல்லித்தான் கூப்பிடறேன். கடை நடுவுல நின்னு உங்களை 'என்னங்க'ன்னு கூப்பிட்டேன்னு தெரிஞ்சா, வீட்ல நான் என்ன பதில் சொல்றது?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அச்சமயம் ஓர் இளம் தம்பதியர் உள்ளே நுழைந்தனர். விற்பனையாளர் நம்பிக்கையோடு பின்தொடர்ந்தார்.

"டேய், இதுல படுத்துப் பாருடா" என்றாள் மனைவி.

விற்பனையாளர் தொண்டையைச் செருமினார். "தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. சாரை ஒரே ஒரு தடவை 'என்னங்க'ன்னு கூப்பிட முடியுமா?"

"இவனையா? எதுக்கு?"

"ஒரு மரியாதைக்கு."

அவள் கணவனை மேலும் கீழும் பார்த்தாள். "சார், நீங்க மெத்தையை மட்டும் காட்டுங்க" என்றாள்.

தன் கையே தனக்கு உதவி என்று உணர்ந்த விற்பனையாளர், தலையணை அடுக்குக்குப் பின்னால் மறைந்து நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து, மனைவியின் இழுவையை அப்படியே குரலில் ஏற்றி, "என்னாங்க" என்றார்.

"இதோ, பை எங்க?" என்று பதில் வந்தது.

வந்தது கைப்பேசியிலிருந்து அன்று. ஸ்பிரிங் மெத்தையொன்றில் கண்ணயர்ந்திருந்த நடுவயது வாடிக்கையாளர் ஒருவர், திடுக்கிட்டு எழுந்து வாசலை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து அவருடைய மனைவி தடுத்தார்.

"நீதானே கூப்பிட்டே?"

"நான் இங்க போர்வை பார்த்துட்டிருக்கேன். நான் கூப்பிட்டா காது கேக்காது. எவளோ கூப்பிட்டா மட்டும் பையைக் கேட்டுக்கிட்டு ஓடறீங்களே."

அந்தத் தம்பதியர் மெத்தை வாங்காமலே வெளியேறினர். தெருமுனை வரை அவர்களுடைய உரையாடல் கேட்டது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, அதே நேரத்தில் விடுதிக்காரரை அழைத்துக்கொண்டு முதலாளி உள்ளே வந்தார். விற்பனையாளர் அப்போது ஒரு மெத்தையைத் தோளில் சாய்த்து, அதன் அடியில் முகத்தைப் புதைத்து, "என்னாங்க" என்று உருகிக்கொண்டிருந்தார். தலையை வெளியே எடுத்தபோது, எதிரே முதலாளியின் முகம் இருந்தது.

"என்னை எப்பலேருந்துய்யா இப்படிக் கூப்பிட ஆரம்பிச்சே?"

"உங்களை இல்ல முதலாளி. இது... ஒரு சோதனை."

"என்ன சோதனை?"

வாயில் வந்ததை விற்பனையாளர் சொன்னார். "நல்ல மெத்தைன்னா சத்தத்தைக் குடிக்கணும். இந்தப் பக்கம் பேசினா அந்தப் பக்கம் கேக்கக் கூடாது. அதான் பேசிப் பார்க்கிறேன்."

முதலாளி இடிவிழுந்தாற்போல் நின்றார். விடுதிக்காரரின் முகமோ மலர்ந்தது.

"நான் தேடினதே இதுதாங்க. என் விடுதியில ஒரு ரூம்ல பேசறது அடுத்த ரூம்ல கேக்குதுன்னு தினம் சண்டை. எனக்கு வர்ற மெத்தை ஒவ்வொண்ணையும் இதே மாதிரி பேசிப் பார்த்து அனுப்புங்க."

"ஒவ்வொண்ணையுமா?" என்றார் விற்பனையாளர்.

"நான் பக்கத்துலயே நிக்கறேன். அவசரம் இல்ல."

கிடங்கின் கதவு திறக்கப்பட்டது. உத்தரம் வரை மெத்தைகள். ஒரு மணி நேரத்துக்கென்று வந்தவர், மதிய உணவையும் மறந்து, ஒவ்வொரு மெத்தையாகத் தழுவி அழைத்துக்கொண்டே போனார். பொழுது சாயச் சாயக் குரல் கச்சிதமாகப் பதப்பட்டுவிட்டது. சுமை இறக்கிக்கொண்டிருந்த இருவர் தம்மையறியாமல் "ம்" கொட்டினர். கைப்பேசி மட்டும் எந்த இடுக்கிலிருந்தும் வாய் திறக்கவில்லை.

கடைசி அடுக்கை நெருங்கியபோது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அழைத்து அழைத்து, பதிலே வராமல் மறுபடியும் அழைப்பதில் இத்தனை களைப்பு இருக்கிறது என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. தம் வீட்டில் ஒருவர் இந்தக் களைப்போடு பல ஆண்டுகளாகக் காலம் தள்ளுவதும் நினைவுக்கு வந்தது.

ஆகவே கொல்லைக் கதவு வழியாகப் போவதில்லை என்று தீர்மானித்தார். வாசல் வழியாகவே நுழைந்து, மாமனார் முன்னிலையிலேயே, 'நான் வீட்ல இல்ல, கடைக்குப் போயிட்டேன், தப்புதான்' என்று சொல்லிவிட வேண்டும். வழி நெடுக அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்தார். அதன்பின் குளிர்சாதனப் பெட்டி எத்தனை மாதம் பேச்சு வாங்கினாலும் சரி.

வாசற்கதவு திறந்திருந்தது. கூடத்து நாற்காலியில் கறுப்புக் கண்ணாடி அணிந்து மாமனார் அமர்ந்திருந்தார். பின்னறைக் கதவு காலையில் சாத்தியபடியே சாத்தியிருந்தது. விற்பனையாளர் செருப்பைக் கழற்றிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, வாயைத் திறந்தார்.

"என்னங்க, இன்னும் முடியலையா?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் கேட்டது.

அவர் பதில் சொல்வதற்குள், சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து, தெளிவாக, பணிவாக, அவருடைய குரலே பதில் சொன்னது.

"இதோ வந்துட்டேன், ரெண்டே நிமிஷம்."

"மெதுவாவே வாங்க, பாவம்" என்றார் மனைவி. அந்தக் கனிவை அவர் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது.

விற்பனையாளர் திறந்த வாயை மூடிக்கொண்டு, கழற்றிய செருப்பைச் சத்தமின்றிக் காலால் துழாவினார்.

மாமனார் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார். "யாருப்பா அது? மாப்பிள்ளையைப் பார்க்கணும்னா நாளைக்கு வாப்பா. கல்யாணம் ஆன நாள்லேருந்து இன்னிக்குத்தான் மனுஷன் வீட்ல இருந்து, கூப்பிட்ட குரலுக்கெல்லாம் பதில் சொல்றாருன்னு என் பொண்ணு சந்தோஷமா இருக்கா. நீ வந்து அதைக் கெடுத்துடாதே."