நான்கு பக்க அழுகை

ஒரகடத்தில் வண்டிகள் மட்டுமே உற்பத்தியாகின்றன என்று நினைப்பவர்கள் கார்முகிலை அறியாதவர்கள். வல்லம் வடகாலில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகள் மனிதவள மேலாளராக வீற்றிருந்தவர், கலைக்காக அந்த நாற்காலியைத் துறந்தார். துறவு முறைப்படியே நடந்தது: மூன்று மாத முன்னறிவிப்பு, பிரியாணி, சுவர்க்கடிகாரம்.

சுங்குவார்சத்திரம் டீக்கடை மாடியில் 'மக்கள் நாடக மன்றம்' பிறந்தது. நடிகர்கள் ஷிப்ட் முடித்து வருபவர்கள். வருகைப் பதிவேடும் அடையாள அட்டையும் வேண்டுமென்று 'மக்கள்' கேட்கவில்லை, அவராகவே வழங்கினார்.

முதல் நாடகத்தில் ஒரு தொழிலாளியின் விரல்கள் பிரஸ் மெஷினில் போகின்றன. மேலாளர் கதறுகிறார். நான்கு பக்க வசனத்துக்குக் கதறுகிறார்.

அடிபடும் வேடம் கோவிந்தம்மாவுக்கு. வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லாததால் ஒப்பனைச் செலவு மிச்சம். அவை எப்படிப் போயின என்று கார்முகில் கேட்கவில்லை. பிறர் சொந்த விஷயங்களில் தலையிடுவது அவர் பண்பல்ல.

"எனக்கு ஒரு வசனமாச்சும் குடு சார்," என்று மூன்று வாரமாகக் கேட்டாள்.

"மௌனம்தாம்மா நடிப்போட உச்சம்."

தொழிற்சாலையிலும் அவர் பாடுபட்டு வளர்த்த கலை அதுவே.

மேலாளராக நடித்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் சூசைராஜ்தான் முறையிட்டான். "இன்னா சார் இது? மேனேஜரு இப்டி அழுதா ஜனம் சிரிக்கும் சார்."

"அப்ப நீங்களே நல்லதா ஒண்ணு எழுதிக்கினு வாங்களேன்!"

அடுத்த ஞாயிறு கோவிந்தம்மா பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். சூசைராஜ் உரக்க வாசித்தான்:

"விரல் ஏன் துண்டானது? கை மெஷினுக்குள் இருந்தது. ஏன் இருந்தது? பணியாளர் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை? கவனக்குறைவு. ஏன் கவனக்குறைவு? வீட்டு நினைப்பு. ஏன் வீட்டு நினைப்பு? பணியாளர் பெண்."

மாடியே குலுங்கிச் சிரித்தது. கார்முகிலுக்கு மெய்சிலிர்த்தது.

"அடடா! ஐந்தே 'ஏன்'. ஒரு சொல் மிகையில்லை. யாரும்மா எழுதினது?"

"நீதான் சார். அஞ்சு வருசம் முன்னாடி, என் விரலு போன விசாரணையில. கீழ உன் கையெழுத்து கீது பாரு."

பார்த்தார். இருந்தது. நடிப்பின் உச்சத்தை அன்று அவரே தொட்டார்.

"உற்பத்தி ஏறணும்னு சூப்பர்வைசர்தான், கை உள்ள போனா மெஷின நிறுத்துற சென்சார அணைச்சு வெச்சாரு. அத சொல்லலாம்னுதான் அன்னிக்கு உன் ரூம் வாசல்ல நாள் பூரா நின்னேன். கூப்புடவே இல்ல." தாளை மடித்து மறுபடியும் உறைக்குள் வைத்தாள். "பெரிய எழுத்தாளருதான் சார் நீ. ரெண்டு நாடகத்துலயும் விரலு என்னுது. வசனம் மட்டும் மேனேஜருது."