மேற்படியார் எழுதிய புகார்

சாயங்காலம் ஐந்து பத்துக்கு ஆவடியில் வந்து நின்ற மின்ரயிலிலிருந்து என் மகள் வித்யா இறங்கவில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் மேற்படியாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாடியிலிருந்து பூந்தமல்லி வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் அப்படி இன்னொரு மனிதர் அகப்படமாட்டார்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். பத்திரம் எழுதுவது தொழில். பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை ஓரமாக ஒரு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். எதைப் பேசினாலும் "மேற்படி" வந்துவிடும். "மேற்படி காப்பி ஆறிவிட்டது" என்பார். மனைவியைக் கூப்பிடுவதும் "மேற்படி!" என்றுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்கே மறந்து போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே எழுதுவார். எழுதியதை உரக்க வாசிப்பார். சொற்கள் காதில் விழாவிட்டாலும், குரலை வைத்தே இன்றைக்கு என்ன பத்திரம் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கிரயப் பத்திரம் என்றால் வள்ளல் குரல்: "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது." உயில் என்றால் தொண்டை கம்மும்: "நல்ல நினைவுடனும், பிறர் தூண்டுதல் இல்லாமலும்..." வக்கீல் குமாஸ்தா யாராவது நோட்டீஸ் வரைவு கேட்டிருந்தால் அவ்வளவுதான்: "தவறினால் ஏற்படும் சகல கஷ்ட நஷ்டங்களுக்கும் தாங்களே பொறுப்பாளி!" காகம் பறந்து போகும்.

சிக்கல் என்னவென்றால், இந்த மூன்று குரலும் மேஜையோடு நிற்கவில்லை. ஒருமுறை எங்களுக்குக் கிண்ணத்தில் வத்தக்குழம்பு கொண்டுவந்து, "சர்வ சுதந்திரமாய் அனுபவித்துக்கொள்ளவும்" என்று நீட்டினார். உள்ளேயிருந்து அவர் மனைவி கத்தினார்: "குழம்புக்கு மட்டும்தான் சுதந்திரம், டீச்சர்! கிண்ணம் எனக்குத் திரும்பி வரணும்!"

தன் தங்கை மகள் கல்யாணத்தில் தம்பதியின் தலையில் கை வைத்து, "நல்ல நினைவுடனும், பிறர் தூண்டுதல் இல்லாமலும் வாழ்த்துகிறேன்" என்றார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பால்காரர் கதை இதைவிட மோசம். பால் தண்ணீராக இருக்கிறதென்று வாயால் சொல்லாமல், கார்டு எழுதித் தபாலில் போட்டுவிட்டார். மறுநாள் விடிந்ததும் பால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் அப்படியே சாய்த்துவிட்டு ஓடிவந்தார்.

"இன்னா நைனா! பால்ல தண்ணின்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? சகல கஷ்டம், சகல நஷ்டம்னு எழுதிகீற. ஊட்டுக்கு ஜப்தி வருதுன்னு என் பொஞ்சாதி அண்டாவ பக்கத்து ஊட்ல ஒளிச்சி வச்சிட்டு அழுதுகினு கீறா!"

"மேற்படி அண்டாவைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லையே" என்றார் இவர்.

நான் தமிழாசிரியை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்: "ஆண்டு, அனுபவித்துன்னு எதுக்கு சார் ரெண்டு தடவ? ஒண்ணு போதாதா?"

"வேலி போடறோம்மா. ஆள்றவன் நான், அனுபவிக்கிறவன் அவன்னு நாளைக்கு ரெண்டு பேர் வந்து நிப்பான். ஒரு முள்ளு குறைஞ்சா மாடு உள்ள பூந்துடும்."

இனி அந்தச் சாயங்காலம்.

வித்யா அம்பத்தூர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. கூடவே வரும் தோழிக்கு அன்று காய்ச்சல். ஐந்து பத்து வண்டியில் அவள் இல்லை. அடுத்த வண்டியிலும் இல்லை. என் கணவர் ஸ்கூட்டரில் பள்ளியை நோக்கிப் போனார். நான் காவல் நிலையத்துக்கு ஓடினேன். "எழுதிக் குடும்மா" என்றார்கள். கடிதம் எழுதுவது எப்படி என்று வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள் நான். அன்றைக்கு "ஐயா" என்ற சொல்லைத் தாண்டி என் பேனா நகரவில்லை. நேரே மேற்படியாரிடம் போய் நின்றேன்.

அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். நான் சொல்லி முடிக்குமுன் தாளை எடுத்துவிட்டார்.

"அடையாளம் சொல்லும்மா."

சொன்னேன். இரட்டைப் பின்னல். நீலப் பாவாடை. இடது புருவத்தில் தழும்பு. மளமளவென்று எழுதினார். பாதிப் பக்கம் தாண்டியதும், பழக்கப்பட்ட கை தானாகவே ஓடியது: "இனி மேற்படி சிறுமியின் பேரில் எனக்கும் என் வாரிசுகளுக்கும் எவ்விதப் பாத்தியமும்..."

பேனா நின்றது. எழுதியதைப் பார்த்தார். தாளை நாலாகக் கிழித்தார்; அப்புறம் எட்டாக.

"நான் எழுதறதெல்லாம் கைய விட்டுப் போற எழுத்தும்மா. கிரயம், தானம், விடுதலை, உயில், எல்லாமே அப்படித்தான். திருப்பிக் குடுன்னு கேக்கற எழுத்து எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

அதை எழுதினார். இருவரும் காவல் நிலையத்துக்குப் போனோம். ஏட்டு வாங்கி வாசித்தார். "இதனைக் கண்ட மாத்திரத்தில் மேற்படி சிறுமியைத் தாயார் வசம் ஒப்படைக்க வேண்டியது. தவறினால் தங்கள் பேரில் சிவிலாகவும் கிரிமினலாகவும் நடவடிக்கை எடுத்து..."

ஏட்டு நிமிர்ந்தார். "இன்னா பெரியவரே, நான்தான் கொயந்தய லாக்கப்ல ஒளிச்சி வச்சிகினு கீறேனா?"

"உங்களக் குத்தம் சொல்லலீங்க. இப்படி எழுதினாத்தான் திரும்பி வரும்."

"பேரு, வயசு, துணி கலரு. மூணு வரி போதும்."

"மூணு வரியா? வேலியே இல்லாமலா?"

ஏட்டு தலையிலடித்துக்கொண்டு, தானே மூன்று வரி எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். நோட்டீஸைத் திருப்பித் தந்தார். மேற்படியார் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நீ வீட்டுக்குப் போம்மா. அங்க ஆள் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தார்.

வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். நன்றாக இருட்டிய பிறகு ஒரு ரிக்ஷா வந்து நின்றது. முதலில் ஒரு கீரைக்கார அம்மாள் இறங்கினார். பின்னாலேயே இரட்டைப் பின்னல்.

"இன்னாம்மா பொண்ணு பெத்து வச்சிகீற! ரயில்ல தூளி கட்ன மாதிரி தூங்கிகினு வருது. நெமிலிச்சேரியில நான் எறங்கசொல்ல தட்டி எழுப்பறேன், 'ஆவடி வந்துட்ச்சா'ங்குது! கூடைய ஊட்ல எறக்கிட்டு, ஒரு வாய் சோறு போட்டு இட்டாறேன். திட்டாதம்மா, பயந்துகினு கீது."

திட்டவில்லை. கட்டிக்கொண்டு அழுதேன். என் கணவரும் திரும்பி வந்தார். தகவல் சொல்லக் காவல் நிலையத்துக்கு ஓடினார். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வித்யாவுக்குத் தட்டில் தயிர்சாதம் போட்டுவிட்டு நிமிர்ந்தால், மேற்படியாரின் மனைவி வாசலில் நிற்கிறார்.

"டீச்சர், உங்ககூட வந்த மேற்படி எங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குழந்தை கிடைத்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை. காணாமல் போன மேற்படியாருக்கு இப்போது யாரைப் பிடித்துப் புகார் எழுதுவது?

அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. தெருமுனையில் யாரோ விந்தி விந்தி வருவது தெரிந்தது. அவர்தான். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதில் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த வித்யா அவர் கண்ணில் படவில்லை. என் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"அழாதம்மா. திருவள்ளூர் வரைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் கதவுல நின்னு பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன். கிடைக்கல. ரெண்டு வாய் சாப்ட்டு அரக்கோணம் வரைக்கும் போய்ப் பாக்கறேன். நீ கதவ மட்டும் சாத்திடாத. குழந்தை வந்து பாத்துட்டுத் திரும்பிடப் போவுது."