பால்கனியில் ஐந்நூறு உயிர்

"மூடியை முழுசாத் திறக்காதீங்க. வெளிச்சம் பட்டா செத்துடும்" என்றாள் மனைவி, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் செருப்புமாக.

அன்று காலைதான் அந்த மண்புழுத் தொட்டி வந்து இறங்கியிருந்தது. பச்சை நிறம், இடுப்பளவு உயரம். கூடவே வந்த தாளில், 'ஐந்நூறு புழுக்கள். தினமும் இரண்டு கைப்பிடி காய்கறித் தோல் போடவும். மக்கும் பொருள் எதையும் உண்ணும்' என்று அச்சடித்திருந்தது.

"நாலே நாள். ஆபீஸ் பயிற்சி முடிஞ்சதும் வந்துடுவேன். அதுவரைக்கும் உயிரோட வச்சிருங்க. மீன் போச்சு, செடி போச்சு, எங்க அக்கா குடுத்த கிளியும் போச்சு."

"கிளி தானாப் பறந்து போச்சு."

"கூண்டை யாரு திறந்து வச்சது?"

அவன் செருப்பைப் பார்த்தான்.

"இதையே பார்த்துக்க முடியலன்னா, குழந்தையைத் தத்தெடுக்க எந்த தைரியத்துல நான் கையெழுத்துப் போடறது?"

விண்ணப்பம் மூன்று மாதமாக அலமாரியில் கிடந்தது. அவன் கையெழுத்து இருந்தது. அவளுடையது இல்லை.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவன். ஊரார் கண்ணையெல்லாம் உற்றுப் பார்ப்பவன், தொட்டிக்குள் மட்டும் பார்க்கக் கூடாது என்றதும் பார்க்கவில்லை. மூடியை விரலளவு தூக்கி, இரண்டு கைப்பிடி தோலைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

மாலையில் கையை விட்டுத் துழாவினான். போட்ட தோல் ஒன்றுகூட இல்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது.

நான்கு கைப்பிடி போட்டான். காபி ஆறுவதற்குள் அதுவும் காலி. பிறகு உள்ளிருந்து ஒரு சத்தம். டொக், டொக்.

போனில் மனைவியைப் பிடித்தான்.

"ஏம்மா, புழு தட்டுமா?"

"அதுக்குக் கை ஏதுங்க? பசிக்குதோ என்னமோ, போடுங்க."

மறுநாள் காய்கறி தீர்ந்தது. செய்தித்தாள் தீர்ந்தது. அவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். மக்காத பொருள் எதுவும் வேண்டாம் என்று மனைவி பார்த்துப் பார்த்து வாங்கி நிரப்பிய வீடு அது. சணல் மிதியடி, நார்க்கூடை, மூங்கில் பல்துலக்கி. இப்போது எல்லாமே தீனியாகத் தெரிந்தது.

பல்துலக்கியைப் போட்டான். சற்று நேரத்தில் அதன் நைலான் இழைகள் மட்டும், அழகாக முடிச்சுப் போட்டு, மூடியின் மேல் வைக்கப்பட்டிருந்தன.

ஓட்டமும் நடையுமாக இயற்கைப் பொருள் கடைக்குப் போனான். "நாலு டஜன் மூங்கில் பிரஷ் குடுங்க."

கடைக்காரம்மா கண்ணை விரித்தாள். "வீட்ல எத்தனை பேரு சார்?"

"ஐந்நூறு."

மூன்றாம் நாள் காலை தொட்டி பால்கனியில் இல்லை. சமையலறை வாசலில் நின்றது. மூச்சுப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் வைத்தான். குளித்துவிட்டு வந்தால் படுக்கையறை வாசலில் நின்றது.

"இங்கெல்லாம் வரக் கூடாது! போ!" என்று அதட்டினான்.

டொக் என்று ஒரே ஒரு சத்தம். மிக மெல்லியது. அதட்டியிருக்க வேண்டாமோ என்று அவனுக்கு மனம் கேட்கவில்லை. போட்டிருந்த பருத்திச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். ஏழு பொத்தான்கள் வரிசையாகத் திரும்பி வந்தன.

கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன பேசுவதென்று தெரியாமல் பார்வை சோதிக்கும் அட்டையிலுள்ள எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தான். பெரிய எழுத்திலிருந்து பொடி எழுத்து வரை. கடைசி வரியில் உள்ளே சீரான மூச்சு கேட்டது. அவன் குரலைத் தணித்துக்கொண்டான்.

நான்காம் நாள் மதியம் மனைவி வந்தாள்.

"என்னங்க இது? மிதியடி எங்க? திரை எங்க? நீங்க ஏன் என் மழைக்கோட்டைப் போட்டுட்டு நிக்கறீங்க?"

"சாப்பிட்டுடுச்சு. நல்லா சாப்பிடுது" என்றான் பெருமையாக.

அவள் தொட்டியில் காதை வைத்தாள். கன்னத்தில் இளஞ்சூடு பட்டது. பிறகு அலமாரியைத் திறந்து, விண்ணப்பத்தை எடுத்து, கையெழுத்துப் போட்டாள்.

"நான்கூட என்னமோன்னு நினைச்சேன். வளர்த்துடுவீங்க."

அவன் கண் கலங்கியது. உள்ளிருந்து டொக், டொக் என்றது. இருவரும் சிரித்தார்கள்.

அழைப்புமணி அடித்தது. வாசலில் கூரியர் பெண், துளை போட்ட சின்ன அட்டைப்பெட்டியோடு நின்றாள்.

"சாரி சார், லேட்டாயிடுச்சு. அன்னைக்கு நான் காலித் தொட்டியைத்தான் குடுத்துட்டுப் போனேன். புழு இப்பத்தான் வந்திருக்கு."