மந்திரத்துக்கு ஓடிவந்த மந்தை

கார்டிஃபில் தொலைக்காட்சித் தொடருக்கு உடை தைக்கும் வேலையிலிருப்பவளும் என் அக்காவின் ஒரே மகளுமான நெரிஸுக்கு, இத்ரிஸ் மாமா நல்ல உடம்போடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதிக்கொண்டது. இங்கே மழை. அங்கேயும் அப்படித்தான் இருக்கும்.

யாராவது உன்னிடம் ஆடுகளைப் பற்றி விசாரித்தால் வாயைத் திறக்காதே. முதலில் இதைப் படி. நம் மலைக்கடியில் உறங்கும் மந்திரவாதியின் கதையைத் தொடராக எடுக்கிறார்கள், பழைய வேல்ஸ் மொழியில் மந்திரம் வேண்டும் என்று கேட்டாய். அந்த மொழி எண்ணூறு வருஷமாக நம் வீட்டில் புழங்குகிறது என்று நான் சொன்னேன். நீயும் என்னைப் பண்டிதர் என்று சிபாரிசு செய்துவிட்டாய். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான் என்பது உனக்காவது ஞாபகம் இருந்திருக்க வேண்டாமா? உன் வேலை நிரந்தரமாகுமா என்று இந்த வாரம்தான் முடிவு செய்யப்போகிறார்களாம், அக்கா சொன்னாள். அதிலிருந்து எனக்குத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. நேற்று நாலு துண்டு கேக்கோடு எழுந்துவிட்டேன்.

மூன்று நாள் யோசித்தும் வாயில் வந்ததெல்லாம் ஆடு மேய்க்கும் நாய்க்கு அப்பா வேல்ஸ் மொழியில் சொல்லும் கட்டளைகள்தான். இடப்பக்கம் வளை, வலப்பக்கம் வளை, எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வா. அதையே இழுத்து, அடித்தொண்டையில், தாடி ஆட ஓதிக் காட்டினேன். இயக்குநர் மிஸ் கார்ஃபீல்டுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓரத்தில் நின்ற குதிரைக்கும் கலங்கியது, நானே பார்த்தேன். மந்திரவாதியாக நடிக்கும் லண்டன்காரர் இரண்டு வாரம் மனப்பாடம் பண்ணினார். அவ்வளவு சுத்தமாக நம் ஊர்க்காரர்களுக்கே வராது. வினையே அங்கேதான்.

செவ்வாய்க்கிழமை நம் மலைச் சரிவில் போர்க் காட்சி. அவர் பாறைமேல் ஏறி, கோலை உயர்த்தி, முழுத் தொண்டையில் ஓதினார். எதிர்ச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தில்வினின் மூன்று நாய்களும் காதை நிமிர்த்தின. அப்புறம் நானூறு ஆடு, சரி, அறுநூறு என்றே வைத்துக்கொள், பகைவர் படைக்குள் புகுந்தது. வீரர்கள் ஈட்டியைப் போட்டுவிட்டு வேலிமேல் ஏறினார்கள். அரசர் சேற்றில் உட்கார்ந்திருந்தார். லண்டன்காரர் பயத்தில் மந்திரத்தை இன்னும் உரக்கச் சொன்னார். நாய்கள் பக்கத்துப் பண்ணை ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டன.

தில்வின் மூச்சிரைக்க ஓடிவந்து என் காதோரம் கேட்டான்: "யோவ் இத்ரிஸ், நான் கத்தினாக்கூட என் நாய்ங்க இப்படிக் கேக்காதுய்யா. அந்த ஆளு மேய்க்க வருவாரான்னு கேட்டுச் சொல்லு."

மிஸ் கார்ஃபீல்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "மிஸ்டர் இத்ரிஸ், அந்த மந்திரத்துக்கு உண்மையில என்ன அர்த்தம்?"

"பழைய சொல்லுங்க அம்மா. அர்த்தம் சொன்னா பலிக்காது."

அவர் நோட்டில் என்னவோ குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்புதான் என்னை அரிக்கிறது. ஆகவே நெரிஸ், நான் உன் மாமாவே இல்லை என்று சொல்லிவிடு. பேருந்தில் யாரோ சொன்ன ஆள் என்று சொல். என் பெயர் கெட்டால் பரவாயில்லை, அதற்குப் பழக்கம் உண்டு. உன் வேலை போகக்கூடாது.

உன் ஊசி வளையாமலும் நூல் அறாமலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உனக்கு எந்த வகையிலும் உறவில்லாத
இத்ரிஸ் மாமா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மிஸ் கார்ஃபீல்டு வந்தார். கதையையே மாற்றிவிட்டாராம். மந்திரவாதி பகைவர் படையை ஆடுகளாக்கிவிடுகிறானாம். இப்படிப்பட்ட பண்டிதரைக் கண்டுபிடித்த பெண்ணை விடமாட்டேன், அவள் வேலை நிரந்தரம் என்றார். ஆகவே மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டு, நான் உன் சொந்தத் தாய்மாமன் என்று எல்லோரிடமும் சொல். ஒரே ஒரு சிக்கல். ஆடுகளைத் திரும்ப ஆட்களாக்கும் மந்திரம் அடுத்த வாரம் வேண்டுமாம். எந்த நாய்க்கும் அப்படியொரு கட்டளை கிடையாது. உனக்கு ஏதாவது தோன்றினால் உடனே எழுது.