பழைய அட்டவணையை நான் அழித்த வெள்ளிக்கிழமை

நம் கணினியில் ஓடியது உலகம் முழுக்க ஓடும் என்று நம்புகிற வயது ஒன்று உண்டு. சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அந்த வயது. வேலை நிரந்தரமானால்தான் நிச்சயதார்த்தம் என்று, நான் கட்டிக்கொள்ள இருந்த மீராவின் அப்பா சொல்லியிருந்தார்.

எங்கள் தயாரிப்பு நெட்வொர்க் ரூட்டர். எந்தத் தகவல் எந்த வழியில் போகவேண்டும் என்கிற அட்டவணை அதன் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதிக்குள், இருக்கும். அதைப் படிக்க வருகிறவர்கள் (ஆட்கள் இல்லை, புரோகிராம்கள்தான்) ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடுகிற ஒரு பூட்டுக்காகக் காத்து நின்றதால் எல்லாமே மந்தம். நான் பூட்டையே தூக்கிவிட்டேன். படிக்கிறவர் பாட்டுக்குப் படிக்கட்டும். மாற்றம் வந்தால் புதுப் பிரதி எழுதி வைத்துவிட்டுப் பழையதை அழித்துவிடலாம். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. தலைகால் புரியாமல் மீராவின் அப்பாவுக்கு போன் போட்டு, "வெள்ளிக்கிழமை டெமோ முடிஞ்சா கன்ஃபர்ம்தான் அங்கிள்" என்றேன். (அவர் கேட்கவே இல்லை.)

வெள்ளிக்கிழமை ஜூரோங் அலுவலகத்தில், வாடிக்கையாளர்கள் முன்னால், அட்டவணையில் ஒரு வழியை மாற்றினேன். ரூட்டர் செத்தது. தானாக எழுந்தது. மறுபடி மாற்றினேன், மறுபடி செத்தது. "ரீஸ்டார்ட் ஆகிற வேகத்தைப் பாருங்கள்" என்று வேறு சொன்னேன்.

அவர்கள் போனதும் என் மேலதிகாரி ஃபரீதா அக்கா கேட்டார்: "பழசை அழிக்கிறதுக்கு முன்னாடி, யாராச்சும் இன்னும் அதைப் படிச்சிட்டு இருக்காங்களான்னு பாத்தியா?"

"இல்லக்கா. என் மெஷின்ல நல்லா ஓடுச்சு."

"உன் மெஷின்ல படிக்க ஆளே இல்ல லா."

படிக்கிறவர்கள் முடிக்கும்வரை காத்திரு என்று ஒரே வரி சேர்த்தால் போதுமாம். என் தகுதிகாண் காலத்தை நீட்டிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சுவா சூ காங்கில் இருக்கும் மீராவின் வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"புரியற மாதிரி சொல்லுங்க தம்பி."

"நீங்க நேத்து பேப்பரைப் படிச்சிட்டு இருக்கீங்க. இன்னிக்குப் பேப்பர் வந்துடுச்சு. உடனே உங்க கையில இருக்கிறதைப் பிடுங்கிக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

அவர் மடியிலிருந்த பேப்பரை மெல்ல என் கைக்கு எட்டாத பக்கமாக நகர்த்தினார். "வேலையை ஒழுங்கா முடிச்சிட்டு வாங்க. பொண்ணு எங்கேயும் போயிட மாட்டா." அந்த நிமிடம் அவர் காலில் விழலாம் போலிருந்தது.

கல்யாணம் நடந்தது. ஆனால் இன்றும் அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுத்தம் செய்ய நான் எழுந்தால், மாமியார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார்: "மாப்பிள்ளை எந்திரிச்சிட்டாரு. சாப்பிடறவங்க தட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க."