நன்றாக ஓடிய எஞ்சினுக்கு நான் செய்த முற்காப்பு

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். மாத்தளைப் பக்கம் ‘பி.எச்.ஐ. மாத்தயா’, அதாவது பி.எச்.ஐ. ஐயா, என்றால் நாய்களுக்குக்கூடத் தெரியும். வீடு வீடாகப் போய்ப் பூச்சட்டியில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, பழைய டயரில் கொசுப் புழு நெளிகிறதா என்று குனிந்து பார்ப்பது என் தொழில். நோய் வந்த பிறகு மருந்து தேடுவது டாக்டர் வேலை. வராமல் தடுப்பது என் வேலை. இதை இருபது வருடமாக ஊருக்குச் சொல்லி வருகிறேன். சொன்னதோடு நின்றிருக்கலாம். என் காரிலும் செய்து பார்த்தேன்.

அது சிவப்பு நிறத்தில் இரண்டு கதவு வைத்த பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். டர்போ எஞ்சின். கண்டியில் ஒருவரிடமிருந்து வாங்கினேன். பின் சீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பைகளை வசதியாக வைக்கலாம், மனிதரை வைக்க முடியாது. ஆனால் ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் மலைக்கு அது ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் கொழுந்து பறிக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்புவார்கள். (என்னைப் பார்க்கத்தான் திரும்புகிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். சத்தத்தைக் கேட்டுத் திரும்பினார்களாம்.)

தங்கை தர்ஷினிக்குக் கலேவெலவில் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் பிரகாஷ், விவசாயத் திணைக்களத்தில் வேலை. கல்யாணம் மாத்தளை டவுன் மண்டபத்தில். பெண்ணின் அண்ணன் போய் மாப்பிள்ளையை அழைத்து வரவேண்டும். எந்த வண்டியில் என்ற கேள்வி எழுவதற்கு முன்பே நான் பதில் சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் இன்டர்நெட்டில் அந்தச் செய்தியைப் படித்தேன். எஞ்சினுக்குள் பிஸ்டன்களைப் பிடித்து ஆட்டும் இரும்புக் கைகளுக்கு ராட் என்று பெயர். அந்த ராட், சுழலும் தண்டைக் கவ்வும் இடத்தில் பிறை வடிவத்தில் மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். அவைதான் பெயரிங். வேகமான எஞ்சின்களில் அந்தத் தகடு சொல்லாமல் கொள்ளாமல் தேயும், தேய்ந்தால் ராட் உடையும், உடைந்தால் எஞ்சின் முடிந்தது, ஆகவே முன்கூட்டியே மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம் என்று அமெரிக்காக்காரர் ஒருவர் படத்தோடு எழுதியிருந்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் இனத்தைச் சேர்ந்த மனிதர்!

கராஜ் வைத்திருக்கும் நிஸாம் நானாவிடம் போனேன். அவர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“சத்தம் ஈக்கா? இல்ல. ஒயில் குடிக்குதா? இல்ல. பொறகு என்னத்துக்குத் தம்பி இதுக்கு ஆபரேசன்?”

“முற்காப்பு நானா.”

“சோக்கா ஓடுற எஞ்சினத் தொறக்க வாணாம். எனக்கிட்ட வேலையும் நெறைய ஈக்கி.”

கொசுவை விரட்டச் சொன்னால் ‘இங்கே யாருக்கும் காய்ச்சல் இல்லையே’ என்று வாசலில் நின்று வாதாடும் ஆட்களின் அதே குரல் அவரிடம் கேட்டது. பரிதாபப்பட்டேன். நானே மாற்றுவதென்று முடிவு செய்தேன். பெயரிங் செட் தபாலில் வந்தது. நான்கு நாள் லீவு போட்டேன்.

மனைவி சுமதி ஆஸ்பத்திரியில் மருந்து கலவையாளர். மில்லிகிராம் பிசகாமல் வேலை செய்து பழகியவள். அவளை உதவிக்கு வைத்துக்கொண்டு, காரை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்தேன். ஒயில் தொட்டியைக் கழற்றி, ராட் ஒவ்வொன்றையும் திறந்து, பழைய தகடுகளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

“என்னங்க, இது புதுசு மாதிரி பளபளன்னு இருக்கே?”

எனக்கும் ஏமாற்றம்தான். ஒரு கீறலாவது இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். “அது கண்ணுக்குத் தெரியாத தேய்மானம்” என்றேன். கொசு முட்டையும் கண்ணுக்குத் தெரியாதுதானே!

புதுத் தகடுகளைப் போட்டாயிற்று. இனி போல்ட்டுகளை அளவாக இறுக்க வேண்டும். எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று காட்டும் ரென்ச் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தேன். அமெரிக்காக்காரரின் குறிப்பைச் சுமதி வாசித்தாள்.

“நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கு. ஆனா உங்க ரென்ச்ல ரெண்டு வரிசையா நம்பர் இருக்குங்க. எதைப் பாக்குறது?”

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன், மூக்கின் மேல் ஒயில் சொட்டச் சொட்ட, வாழ்க்கையில் இதைவிட உறுதியாக எதையும் சொன்னதில்லை.

“பெருசா எழுதியிருக்கிறதைப் பாரு.”

“ரெண்டும் வேற வேற அளவு மாதிரி இருக்கே...”

“சுமதி, இது மருந்து இல்ல. இரும்பு.”

அவள் அதற்குப் பிறகு எதுவும் பேசவில்லை. (பேசாமல் இருந்ததை இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறாள்.)

கார் முதல் சாவியிலேயே ஸ்டார்ட் ஆனது. தெருவுக்குக் கேட்கும்படி சிரித்தேன். ரிவர்ஸ்டன் வரை ஓட்டிப் போய், பனிமூட்டத்தில் காரோடு சேர்த்துப் படம் எடுத்து நிஸாம் நானாவுக்கு அனுப்பினேன். திரும்பும்போது மெல்லிய ‘டிக் டிக்’ கேட்டது. புதுச் செருப்பு நாலு நாளைக்குக் கடிக்காதா, அதுபோல என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

கல்யாண நாள். முகூர்த்தம் பத்தே காலுக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு முடியும். கலேவெலவில் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் ஒரு பஸ்ஸில் ஏறிக் குறுக்கு வழியில் முன்னால் போய்விட்டார்கள். அந்த வழி குண்டும் குழியுமானது, என் காருக்கு ஆகாது. “நாங்க தம்புள்ளை சுத்தி நல்ல ரோட்டுல வந்து உங்களுக்கு முந்தியே நிப்போம்” என்று வாக்குக் கொடுத்தேன்.

முன் சீட்டில் பிரகாஷ், பட்டு வேட்டி, தலைப்பாகை, மாலை. தலைப்பாகை கூரையில் இடித்ததால் மனிதர் முழுப் பயணமும் எதையோ ஒட்டுக்கேட்பவர் மாதிரி கழுத்தைச் சாய்த்தே வந்தார். பின் சீட்டில் அவருடைய தாய்மாமா. நல்ல ஆகிருதி. தாலித் தட்டு அவர் மடியில்; முழங்கால்கள் காதோரம்.

நாலந்தாவை நெருங்கும்போது பிரகாஷ் கேட்டார்.

“மச்சான், என்னமோ தட்டுற சத்தம் கேக்குதுங்களா?”

“அது டர்போ, மாப்பிள்ளை.” ரேடியோவைக் கூட்டினேன்.

முன்னால் மாத்தளை வழியாகப் போகும் கண்டி பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது. தங்கையைக் கட்டப்போகிறவருக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் என்ன என்று காட்டிவிட வேண்டாமா? கியரைக் குறைத்து மிதித்தேன். கார் சீறிக்கொண்டு பஸ்ஸைத் தாண்டியது. தாண்டி முடித்த கணத்தில், யாரோ அம்மிக்கல்லைத் தூக்கி எஞ்சினுக்குள் போட்டதுபோல் ஒரு சத்தம். பிறகு புகை. பிறகு அமைதி. ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

ஓரமாக உருட்டி நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். ஒயில், நாங்கள் வந்த வழி முழுக்கக் கோடு போட்டிருந்தது. போனட்டைத் திறந்தால், எஞ்சினின் பக்கவாட்டில் கைமுட்டி போகிற அளவு ஓட்டை. அதற்குள்ளிருந்து உடைந்த ராட் எட்டிப் பார்த்தது. மணி ஒன்பது முப்பத்தைந்து.

“மச்சான்” என்றார் பிரகாஷ், “சின்ன ரிப்பேருங்களா?”

மறுபடி மணியைப் பார்த்தேன். பயம் காருக்காக இல்லை. மணவறையில் தர்ஷினி வந்து உட்கார்ந்து, வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு. அப்பா இல்லாத வீடு. ‘அண்ணன் பாத்துக்குவாங்க’ என்று அவள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

அலட்சியமாக முந்திச் சென்றேனே, அதே கண்டி பஸ் பின்னால் வந்து நின்றது. கண்டக்டர் பாதி உடம்பை வெளியே நீட்டி, புகையையும் காரையும் மாலையோடு நின்ற மாப்பிள்ளையையும் ஒருமுறை பார்த்தார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. “நகின்ன, நகின்ன!” என்று ஏறச் சொல்லிக் கத்தினார்.

தாய்மாமாவை வெளியே எடுப்பது சுலபமாக இல்லை. முன் சீட்டை மடக்கினால் கால் சிக்கியது, காலை எடுத்தால் தோள் சிக்கியது. பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். அத்தனைக்கும் தாலித் தட்டை மனிதர் ஆடாமல் பிடித்திருந்தார்.

நான் மட்டும் காரின் பக்கத்தில் நின்றேன். பிரகாஷ் மிதிபலகையிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

“ஏறுங்க மச்சான். அது இனி எங்கயும் ஓடாதுங்க.”

உள்ளே மாப்பிள்ளைக்கு ஜன்னல் சீட் கிடைத்தது. எனக்குக் கம்பி கிடைத்தது. கத்தரிக்காய் மூட்டையோடு வந்த ஒருவர், என் பட்டுச் சட்டையில் இருந்த ஒயில் கறையைப் பார்த்து, “நீங்கதான் டிரைவருங்களா? பாவம், இந்த வண்டியெல்லாம் ஓட்டத் தெரிஞ்சவங்க ஓட்டணும்” என்று ஆறுதல் சொன்னார். விஷயம் தெரிந்த பஸ் டிரைவர் இடையில் யாரையும் ஏற்றவில்லை. பஸ், என் கார் வாழ்நாளில் போகாத வேகத்தில் போனது.

மண்டப வாசலில் சிவப்புக் காருக்காக நாதஸ்வரக் கோஷ்டி, படப்பிடிப்பாளர், ஆரத்தித் தட்டோடு பெண்கள் எல்லோரும் தயாராக நின்றார்கள். பத்து இருபத்தைந்துக்குப் பஸ் வந்து நின்றது. “மனமாலயா எனவா!” என்று மாப்பிள்ளை வருகிற சேதியைக் கண்டக்டர் கத்தியதும் மேளம் முழங்கியது. ஆனால் கதவோரம் மூட்டை மறித்ததால் முதலில் இறங்கியவர் கத்தரிக்காய்க்காரர். பெண்கள் அவருக்குப் பன்னீர் தெளித்துச் சந்தனம் வைத்துவிட்டார்கள். அவரும் மறுக்கவில்லை. அவருக்குப் பின்னால் இறங்கிய இன்னும் ஆறு பேருக்கும் மரியாதை நடந்த பிறகுதான் பிரகாஷ் வெளியே வந்தார்.

தாலி பத்து ஐம்பதுக்கு ஏறியது. பொரியிடும்போது நான் தர்ஷினியின் கையில் பொரியைக் கொட்ட, அவள் தலையைக் குனிந்தபடியே மெதுவாகக் கேட்டாள்.

“அண்ணே, காரு?”

“நாலந்தாவுல இருக்கு.”

“முழுசாவா?”

நான் இன்னொரு பிடி பொரியைக் கொட்டினேன். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஐயர் நினைத்தார். பக்கத்தில் பிரகாஷின் தோளும் குலுங்கியதைக் கண்டு குழம்பிப்போனார்.

இரண்டு நாள் கழித்து நிஸாம் நானா காரைக் கட்டி இழுத்து வந்து பிரித்தார். “எத்தனையில இறுக்கினீங்க தம்பி?”

“நாப்பத்தஞ்சு.”

“எந்த அளவுல?”

பின்னால் நின்ற சுமதி, மாத்திரைச் சீட்டு வாசிக்கும் குரலில் சொன்னாள். “பெருசா எழுதியிருந்த அளவுல.”

அமெரிக்காக்காரர் சொன்னது அவர்கள் நாட்டு அளவு. நான் பார்த்தது மெட்ரிக் அளவு. இறுக்க வேண்டியதில் முக்கால் பங்குகூட இறுக்கவில்லை. நிஸாம் நானா நான் கழற்றி வைத்திருந்த பழைய தகடுகளைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத வெச்சே இன்னும் பத்து வருஷம் ஓடீக்கும்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எந்தப் பொருளும் நன்றாக வேலை செய்கிறது என்று என் காதுபட யாரும் சொல்வதில்லை. பிரகாஷ் புதிதாகத் தண்ணீர் மோட்டார் வாங்கிய செய்தி எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். போன மாதம் கலேவெலவுக்குப் போயிருந்தேன். தர்ஷினியின் நான்கு வயது மகள் கதவைத் திறந்தாள். ‘வாங்க மாமா’ என்று சொல்வதற்கு முன்னால், ஓடிப்போய் பிரிட்ஜின் முன்னே இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டாள்.

“பிரிட்ஜ் நல்லா இருக்கு மாமா. ஒண்ணும் செய்ய வேணாம்.”

யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. குசினியில் இரண்டு பேர் சிரிப்பது கேட்டது. நானும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து தேநீர் குடித்தேன்.

ஆனால் ஒன்று. அந்த பிரிட்ஜ் நின்று மறுபடி ஓடத் தொடங்கும்போது உள்ளே லேசாக ஏதோ தட்டுகிறது. என் காதாலேயே கேட்டேன். பின்பக்கம் நாலே நாலு திருகாணிதான்.